பழுப்பு நிறப் பாட்டில்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். அத்தை நலம். தம்பி உயிரோடு இருக்கிறான். இந்த மூன்றையும் முதலிலேயே எழுதிவிட்டேன், இனி மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பீர்கள், நான் அழ ஆரம்பிப்பேன், அதற்குள் கப்பலில் இணைப்பு அறுந்துவிடும். அதனால்தான் அடுத்த துறைமுகத்து ஏஜென்ட் முகவரிக்கு எழுதுகிறேன்.

டயர் கடைக்காரனின் லாரி தம்பியின் வெல்டிங் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எடுக்கச் சொல்லியிருக்கிறான், எடுக்கவில்லை. உங்கள் தம்பியின் கோபத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்தானே நீங்கள் இருவரும். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் லாரியின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டான். டயர் கடைக்காரன் டயர் நெம்பும் கம்பியோடு வந்தான். முதல் அடி தொடையில் விழுந்து எலும்பு முறிந்திருக்கிறது. கீழே விழுந்தவனை அதே இடத்தில் மறுபடி மறுபடி அடித்திருக்கிறான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினானாம். தெரு முழுக்க ஆள் இருந்தும் ஒருவரும் தடுக்கவில்லை. தம்பியின் கூட்டாளி ஒருவன் இருக்கிறானே, ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்தவன், நீங்கள்கூட ஒட்டடை என்று கூப்பிடுவீர்களே, அவன்தான் தோளில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். டயர் கடைக்காரனைப் போலீஸ் பிடித்துவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. எலும்பில் தகடு வைத்தார்கள். புண்தான் ஆறவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, சீழ் கட்டியது. அந்தச் சீழின் மாதிரி எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கே வந்தது. நான்தான் தட்டில் தடவி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வரிசையாக வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் எந்த வில்லையைச் சுற்றியும் ஒரு நூலளவு இடம்கூடக் காலியாக இல்லை. கிருமி எல்லா மருந்தின் மேலேயும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றித்தான் நிலா மாதிரி தெளிந்த வட்டம். அது நாங்கள் செய்தது. கொய்யா இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றுவோம் என்று சொல்லியிருக்கிறேனே, அதில் பிறக்கும் வெள்ளி நானோ துகள்கள்.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் தம்பியிடமும் அத்தையிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இலைச்சாறு விட்டதும் கரைசல் மஞ்சளாகி, தேநீர் நிறமாகி, கடைசியில் நல்ல பழுப்பாக மாறும், பழுப்பு வந்தால் வெள்ளி தயார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். தம்பி தலையணையிலிருந்து எழுந்து, "அப்ப என் காலுக்கு மருந்து வந்துடுச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்று சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். என்ஜின் அறையில் காது அடைப்பானை மாட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நினைவோடு,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியதற்கு நீங்கள் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று வரி டயர் கடைக்காரனைப் பற்றி. "நான் வந்ததும் அவன் ரெண்டு காலையும் எடுத்துடறேன், அம்மாகிட்ட சொல்லு" என்று எழுதியிருந்ததை நான் அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இங்கே நிலைமை மோசம். தொடைக்கு மேலேயே காலை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கிருமி ரத்தத்தில் இறங்கிவிடும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கேட்கவில்லை. ஒற்றைக் காலோடு பட்டறையில் எப்படி நிற்பேன் என்று கத்தி, கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒட்டடை முதுகில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில்தான் கிடக்கிறான். நாற்றம் வாசல்வரை வருகிறது. அத்தை துணி மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆனால் ஒரு வேளைகூட அந்த வேலையை என்னிடம் விடவில்லை.

முதலில் கெஞ்சினான். "ஒரு சொட்டு கொண்டாங்க அண்ணி, யாருக்குத் தெரியப் போவுது" என்றான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். தட்டில் கிருமி சாவது வேறு, மனிதன் உடம்பில் சாவது வேறு. தட்டில் கிருமி மட்டும்தான் இருக்கிறது, காலில் சதையும் நரம்பும் இருக்கின்றன. எவ்வளவு விட்டால் கிருமி சாகும், எவ்வளவு விட்டால் சதையும் சேர்ந்து சாகும் என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. எலிகளில்கூட இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலிக்குக் குடுப்பீங்க, எனக்குக் குடுக்க மாட்டீங்க" என்றான்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பரிசோதனைக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடத்திடம் போய் நின்றேன். புது மருந்துக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழுவுக்கு எழுதிக் கேட்கலாமா என்று கேட்டேன். மேடம் என் தோளைத் தொட்டு, "கேக்கலாம். ஆனா அவங்க சரின்னு சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்ல மாட்டே. உன் கொழுந்தன்ங்கறதால யோசிக்கறே" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்பதால் எனக்கு வலி குறையவில்லை.

நேற்று சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தான். முடியாது என்றேன். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் செம்பை என் முகத்தைப் பார்த்து வீசினான். தண்ணீரோடு வந்து நெற்றியில் பட்டது. நான் கீழே விழுந்ததும் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தன் புண்ணுக்குப் பக்கத்தில் என் முகத்தை அழுத்தினான். "மோந்து பாருங்க. நல்லா மோந்து பாருங்க. இது உங்க வீட்டு ஆளு கால்" என்றான். வெல்டிங் அடித்த கை, என்னால் அசைக்க முடியவில்லை. அத்தை வந்துதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கையில மருந்தை வெச்சுக்கிட்டு எம்புள்ளைய அழுக விடறியேடி" என்றார். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. ஆழமில்லை, பயப்படாதீர்கள்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் சைக்கிளுக்குத் தினமும் காற்றடித்து வைத்தவனும் இவன்தான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை ஏற்கத்தான் சிரமமாக இருக்கிறது.

நீங்கள் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். அடிதடியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், இடையில் தாவிப் போய்ப் பார்க்காதீர்கள்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருக்கிறாள். சின்னக் குரலில் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் எல்லோரும் குருவி என்போம். கொய்யா இலை வேலையில் பாதி அவளுடையது. விடுமுறை நாளானாலும் தட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்று மத்தியானம் மேடத்திடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாக வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒட்டடை சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். கையில் பட்டறைச் சுத்தியல்.

அவளுக்கு அவனைத் தெரியாது. யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறாள். "வெள்ளி மருந்து எங்க இருக்கு? அதை எடுத்துக் குடுத்துட்டு நீ உன் வேலையைப் பாரு" என்றானாம். அவள் போய்க் குளிர்ப்பெட்டியின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஏன் நின்றாய் என்று பிறகு கேட்டேன். "யோசிச்சா நின்னிருக்க மாட்டேன் அக்கா" என்று எழுதிக் காட்டினாள். எழுதித்தான் காட்ட முடியும், தாடை உடைந்திருக்கிறது. அவன் சுத்தியலின் பக்கவாட்டால் அறைந்தான். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து இடது கையால் அவன் சட்டையைப் பற்றினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் அடுக்கியிருந்த கண்ணாடித் தட்டுகளின்மேல் வைத்து அழுத்தி, மேலே சுத்தியலை இறக்கினான். ஒரு தடவை இல்லை. அந்தத் தட்டுகளில் இருந்தது தம்பியின் காலிலிருந்து எடுத்த அதே கிருமி.

என் தட்டுகளைப் பார்க்க நான் போனபோது தரையெல்லாம் கண்ணாடியும் ரத்தமும். குருவி வராந்தாவரை தவழ்ந்து வந்து சுவரோடு கிடந்தாள். அவள் தவழ்ந்த தடம் கறுப்பும் சிவப்புமாக நீண்டிருந்தது. ரத்தம் ஏன் கறுக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன். நாங்கள் செய்த மருந்து, பழுப்புத் திரவம், வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில்களில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. காணாமல் போனது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். அதற்குள் இருப்பது தண்ணீர் மாதிரி நிறமில்லாத வெள்ளி உப்புக் கரைசல், இலைச்சாறு சேர்க்காத வெறும் கரைசல். வெளிச்சம் படக் கூடாதென்று பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, மேலே வெள்ளி என்று எழுதி ஒட்டியிருப்போம். நான்தானே பழுப்பு வந்தால் வெள்ளி தயார் என்று கையை ஆட்டிச் சொன்னேன். அது பட்ட இடம் கருகும். தோலில் பட்டு வெளிச்சம் கண்டால் மையாகக் கறுக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. கொஞ்சம் தரையில் சிந்தியிருக்கிறது, அந்தத் தடம் அதுதான்.

கதவு உடைக்கப்படவில்லை, சாவி யாருடையது என்று விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கேட்டார். சாவி வைத்திருப்பது மேடமும் நானும் மட்டும். பையைத் திறந்து பார்த்தேன். என் சாவியைக் காணவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். தெருமுனையிலேயே தம்பியின் அலறல் கேட்டது. அடிபட்ட அன்றுகூட அவன் அப்படி அலறியிருக்க மாட்டான். ஒட்டடை மூலையில் குந்தி, "சரியாயிடும்டா, எரிஞ்சாத்தான் மருந்து" என்று சொல்லிக்கொண்டே அழுதுகொண்டிருந்தான். அத்தை பாட்டிலைச் சாய்த்துப் புண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். புண் வெந்து வெளுத்து, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அத்தையின் பத்து விரலும் கறுப்பு.

பாட்டிலைத் தட்டிவிட்டேன். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பிறகு, அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன்.

ஒட்டடை ஓடவில்லை. அத்தைதான் பாய்ந்தார். அடுப்படியிலிருந்து இரும்புச் சட்டியை எடுத்து வந்து போன் இருந்த கையில் அடித்தார். "போனை வைடி! குடும்பத்தைக் காட்டிக் குடுக்கறியா?" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. போனை நான் வைக்கவில்லை. முகவரியை முழுக்கச் சொன்ன பிறகுதான் விழுந்தேன்.

வீட்டில் என் பையைத் தொடுவது அத்தை மட்டும்தான், சாவியை எடுத்தது அவர் என்பதையும் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். குருவியின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க இப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எதை மறைப்பது, யாருக்காக மறைப்பது? நீங்கள் என்மேல் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

தம்பி தீவிர சிகிச்சையில் இருக்கிறான். அதிக நம்பிக்கை தர மாட்டோம் என்கிறார்கள். முடிந்தால் கப்பலை விட்டு இறங்கி வாருங்கள்.

உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

தம்பி போன செய்தியைக் கம்பெனி உங்களுக்குச் சொல்லியிருக்கும். நீங்கள் இல்லாமலே எல்லாம் முடிந்துவிட்டது. உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், கிருமி அப்படி.

காலை இடுப்போடு எடுத்தார்கள். அதன் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியாக என்னைக் கூப்பிட்டான். முகத்தில் குழாய் இருந்ததால் வார்த்தை பிசிறியது. "நெத்தி ஆறிடுச்சா அண்ணி?" என்று கேட்டான். ஆறிவிட்டது என்றேன். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குருவி பிழைத்துவிட்டாள். தம்பியின் கிருமி அவள் கைக்குள் போய்விட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரும் தொடப் பயப்படும், எங்கள் வில்லைகளிலும் இல்லாத பழைய மருந்து ஒன்றுதான் அசைத்துப் பார்த்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வாய்க்கட்டுப் பிரித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எலிங்களுக்கு யாரு அக்கா தீனி வெக்கறாங்க?" நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மா என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஒட்டடை சிறையில் இருக்கிறான். அத்தையை விசாரித்துவிட்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு எங்கே போவார், இங்கேதான் இருக்கிறார். என்னை அடித்த கையால் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார், என் வலது கைக்கு வேலை இல்லையே. இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவர் விரல்களின் கறுப்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துவிட்டது. புதுத்தோல் வரும்போது தானாகப் போய்விடும் அத்தை, விடுங்கள் என்றேன். அப்போதுதான் கேட்டார். "நான் ஊத்துனதாலதான் போயிட்டானா?"

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நிரூபிக்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலை. கிருமி அதற்கு முன்பே ரத்தத்தில் இறங்கியிருந்ததா, வெந்த புண் வழியாகப் பிறகு இறங்கியதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. "இல்ல அத்தை. அதுக்கு முன்னாடியே ரத்தத்துல கலந்துடுச்சு. ரிப்போர்ட்ல இருக்கு" என்றேன். அத்தை நம்பினாரா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் சித்தப்பா மகன் நேற்று வந்தான். நின்றுகொண்டே பேசினான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. டயர் கடைக்காரன் ஜாமீனில் வந்துவிட்டானா, கடையை எப்போது திறக்கிறான், கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் நீங்கள் போனில் கேட்டதாகச் சொன்னான். கப்பல் வரும் அன்று ஒரு வண்டியும் இன்னொன்றும் தயாராக வைக்கச் சொன்னீர்களாம். அந்த இன்னொன்று என்ன என்று நான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டாதீர்கள், பயந்துபோய்த்தான் என்னிடம் வந்தான்.

அந்த ஆளுக்காக நான் பரிந்து பேசவில்லை. விழுந்து கிடந்தவனை அடித்தவன் அவன். கோர்ட்டில் அவனுக்கு எதிராக என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லுவேன். ஆனால் ஒரு லாரி நின்றதில் ஆரம்பித்து ஓர் உயிர், ஒரு பெண்ணின் கை, ஒட்டடையின் வாழ்க்கை எல்லாம் போய்விட்டன. ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகத்தான் அடித்தார்கள். ஒட்டடை தம்பிக்காக. அத்தை தம்பிக்காக. இப்போது நீங்களும் தம்பிக்காக என்றுதான் சொல்லுவீர்கள்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்ல வேண்டாம். நீங்கள் அந்தத் தெருவுக்குப் போனால், அதையும் நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லுவேன். கையில் கட்டு இருந்தாலும் சொல்லுவேன். அதன் பிறகு நீங்கள் என்னை என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

துறைமுகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வாருங்கள். கோபம் இருந்தால் அதோடு வாருங்கள், என்னைத் திட்டுங்கள், ஒரு மாதம் பேசாமல் இருங்கள். வண்டி வேண்டாம் என்று சித்தப்பா மகனிடம் சொல்லிவிட்டேன். பேருந்து இருக்கிறது.

அத்தைக்கு இப்போது இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி